சமுதாய மேம்பாட்டு நிதிகளும் அவற்றின் நிர்வாகமும் (வானகரம், சென்னை மேற்குப் புறநகர்)

சமுதாய மேம்பாட்டு நிதி என்பது ஓர் ஊரில் அல்லது நகரப் பகுதியில் வாழும் மக்கள் பொதுவாகப் பயன்படுத்தும் வசதிகளை உருவாக்க அரசு வழங்கும் பணம் ஆகும். தெருச்சாலை, மழைநீர் வடிகால், குடிநீர்த் தொட்டி, பள்ளி வகுப்பறை, நூலகம், பூங்கா, சமுதாய நலக்கூடம், மயானம் போன்றவை இதில் அடங்கும். தனியொருவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம், வீடு கட்டும் மானியம் போன்றவை இதில் சேரா.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் ஒரே நிதி கிடையாது. ஒன்றிய நிதி ஆணைய மானியம், மாநில நிதி ஆணையப் பகிர்வு, நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதிகள், நமக்கு நாமே திட்டம் எனப் பல வழிகளில் பணம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிக் கணக்கு, தனி அலுவலர் உண்டு. நகரமும் ஊராட்சியும் ஒட்டிக் கிடக்கும் இடங்களில் இவற்றின் நிர்வாகம் கூடுதல் சிக்கலாகிறது. சென்னையின் மேற்கு விளிம்பில் உள்ள வானகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வானகரத்தின் நிர்வாக அமைவிடம்

வானகரம் திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் இடையே உள்ளது. 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது 42 உள்ளாட்சி அமைப்புகள் அதனுடன் இணைக்கப்பட்டன. அம்பத்தூர், மதுரவாயல், வளசரவாக்கம் ஆகிய நகராட்சிகளும், நொளம்பூர், நெற்குன்றம் போன்ற ஊராட்சிகளும் அப்போது மாநகராட்சிக்குள் வந்தன. வானகரமும் அதன் அண்டை ஊரான அடையாளம்பட்டும் வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தின் ஊராட்சிகளாகவே நின்றன. மறுபக்கம் திருவேற்காடு நகராட்சியாக உள்ளது. ஆவடி 2019-இல் மாநகராட்சியானது.

2018-இல் சென்னை மாவட்டத்தின் எல்லை மாநகராட்சியின் எல்லையோடு பொருந்துமாறு விரிவாக்கப்பட்டது. அதனால் மதுரவாயல் சென்னை மாவட்டத்திற்குச் சென்றது. வானகரம் திருவள்ளூர் மாவட்டத்தில் தங்கியது. ஆயினும் இரண்டும் ஒரே சட்டமன்றத் தொகுதியில் (மதுரவாயல்), ஒரே மக்களவைத் தொகுதியில் (திருப்பெரும்புதூர்) உள்ளன. வாக்களிக்கும் எல்லையும் வரி கட்டும் எல்லையும் இங்கு வேறுவேறு. மானியங்கள் சில முதல் எல்லையைப் பின்பற்றுகின்றன. சில இரண்டாவதைப் பின்பற்றுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

விடுதலைக்குப் பின் சமுதாய மேம்பாட்டுத் திட்டம் 1952 அக்டோபர் 2 அன்று இந்தியா முழுவதும் 55 திட்டப் பகுதிகளில் தொடங்கப்பட்டது. வட்டாரம் என்ற அலகும், வட்டார வளர்ச்சி அலுவலர் என்ற பதவியும் அத்திட்டத்தின் வழி வந்தவை. திட்டம் அலுவலர்களின் திட்டமாகவே நின்றுவிட்டது, மக்கள் அதில் பங்கேற்கவில்லை என்ற குறை எழுந்தது. அதை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழு 1957-இல், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளிடம் பொறுப்பை ஒப்படைக்கப் பரிந்துரைத்தது.

சென்னை மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, ஊராட்சி ஒன்றியங்கள் படிப்படியாக அமைந்தன. ஊராட்சி வசூலிக்கும் வீட்டு வரிக்கு இணையாக அரசும் ஒரு தொகை தரும் இணை மானிய முறை அக்காலத்தில் வழக்கில் இருந்தது. மக்கள் ஒரு பங்கு தந்தால் அரசு ஒரு பங்கு தரும் என்ற எண்ணத்தைப் பின்னர் நமக்கு நாமே திட்டத்திலும் காணலாம்.

1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் உள்ளாட்சிகளுக்கான நிதி, ஆட்சியாளர் விருப்பத்தைச் சார்ந்ததாக இல்லாமல், நிதி ஆணையங்கள் வரையறுக்கும் பங்காக மாறியது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. நகர்ப்புறங்களுக்கு 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது.

நிதி வரும் வழிகள்

ஒன்றிய நிதி ஆணைய மானியம்

பதினைந்தாவது நிதி ஆணையம் 2021–26 ஆகிய ஐந்து ஆண்டுகளுக்கு நாட்டின் உள்ளாட்சிகளுக்கு மொத்தம் 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. இதில் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி. எஞ்சியது சுகாதாரம் முதலியவற்றுக்கானது.

ஊராட்சிகளுக்கான தொகையில் 60 விழுக்காடு நிபந்தனைக்கு உட்பட்டது. அதில் பாதி குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவற்றுக்கும், பாதி துப்புரவுக்கும் செலவிடப்பட வேண்டும். மீதி 40 விழுக்காட்டை ஊராட்சி தன் தேவைக்கேற்பப் பயன்படுத்தலாம். ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது. பத்து இலட்சத்திற்கு மேல் மக்கள் வாழும் பெருநகரப் பகுதிகளுக்கு வேறு முறை. அங்கு மானியம் முழுவதும் காற்றின் தரம், குடிநீர், துப்புரவு ஆகியவற்றில் காட்டும் முன்னேற்றத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

பணம் ஒன்றிய அரசிடமிருந்து மாநிலத்துக்கு வந்தபின் 10 வேலை நாட்களுக்குள் உள்ளாட்சிகளுக்குச் சேர வேண்டும். தாமதித்தால் மாநிலம் வட்டியுடன் தர வேண்டும். கணக்குகளை இணையத்தில் வெளியிட்ட உள்ளாட்சிகளுக்கே மானியம் என்பதும் நிபந்தனை.

மாநில நிதி ஆணையப் பகிர்வு

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்கு அளிக்க மாநில நிதி ஆணையம் பரிந்துரைக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாவது ஆணையக் காலத்தில் (2017–22) இப்பங்கு 10 விழுக்காடாக இருந்தது. ஊராட்சிகளின் அன்றாடச் செலவுகளான தெருவிளக்கு மின்கட்டணம், துப்புரவு, சிறு பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு, வீட்டு வரி முதலிய சொந்த வருவாயுடன் இந்தப் பகிர்வே துணை நிற்கிறது.

தொகுதி மேம்பாட்டு நிதிகள்

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993 டிசம்பர் 23 அன்று அறிவிக்கப்பட்டது. முதலாண்டில் உறுப்பினர் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாயாக இருந்த தொகை 1994-95-இல் 1 கோடி, 1998-99-இல் 2 கோடி, 2011-12-இல் 5 கோடி என உயர்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றின்போது 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் இதுபோன்ற திட்டம் உண்டு. தொகுதி ஒன்றுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என அதன் அளவு உயர்த்தப்பட்டது.

உறுப்பினரின் கையில் இப்பணம் தரப்படுவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கிறார். மாவட்ட நிர்வாகம் தகுதியை ஆராய்ந்து அனுமதி அளிக்கிறது. துறையோ உள்ளாட்சியோ பணியைச் செய்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் குறைந்தது 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் பரிந்துரைக்கப்பட வேண்டும். வழிபாட்டுத் தலங்களுக்குள் பணி செய்ய அனுமதி இல்லை.

சட்டம் இயற்றும் உறுப்பினர் நிர்வாகத்தில் தலையிடுவதாகும் என்று இத்திட்டத்தை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டன. 2010-இல் பீம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

நமக்கு நாமே திட்டம்

1997-98-இல் மாநில அரசு தொடங்கிய இத்திட்டம் பின்னர் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரிலும் நடந்தது. 2021-இல் பழைய பெயரில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. பொதுமக்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், நிறுவனங்கள் ஆகியோர் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்தினால் மீதியை அரசு தருகிறது. நீர்நிலைப் பணிகளில் மக்கள் பங்கு பாதியாகும். 12 இலட்சம் ரூபாய் மதிப்பீட்டில் பூங்கா அமைத்தால் மக்கள் 4 இலட்சம் தர வேண்டும். அதே மதிப்பில் குளம் சீரமைத்தால் 6 இலட்சம் தர வேண்டும்.

ஒரு பணியின் பாதை

எந்த வழியில் பணம் வந்தாலும் பணி ஏறக்குறைய ஒரே படிகளில் செல்கிறது. ஊராட்சி ஒன்றில் மழைநீர் வடிகால் கட்டுவதாகக் கொண்டால் அதன் பாதை இவ்வாறு இருக்கும்.

1. கோரிக்கை கிராம சபையிலோ ஊராட்சி மன்றத்திலோ வைக்கப்பட்டுத் தீர்மானமாக நிறைவேறும்; ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் சேரும்.

2. இடம் யாருடையது என்று வருவாய்த் துறைப் பதிவேடுகளில் பார்க்கப்படும். தனியார் நிலத்தில் பொதுப்பணி செய்ய முடியாது. நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் எழுப்பக் கூடாது. பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்காக ஒதுக்கப்பட்ட 10 விழுக்காடு திறந்தவெளி நிலம் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப்பத்திரமாக எழுதித் தரப்பட்டிருக்க வேண்டும். பத்திரம் இல்லாத பூங்காவுக்கு நிதி ஒதுக்கினாலும் பணி நின்றுவிடும்.

3. பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார். விலைகள் அரசின் விலை விகிதப் பட்டியல்படி அமையும்.

4. நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் தனித்தனியே பெறப்படும். முதலாவது, பணியைச் செய்யலாமா, பணம் உள்ளதா என்பதற்கு விடை. இரண்டாவது, வடிவமைப்பும் அளவுகளும் சரியா என்பதற்கு விடை.

5. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, பணி ஆணை வழங்கப்படும்.

6. வேலை நடக்கும்போது பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிவார். அந்தப் பதிவின் அடிப்படையிலேயே பட்டியல் தொகை வழங்கப்படும். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாக ஒப்பமிட வேண்டும்.

7. முடிந்தபின் நிறைவுச் சான்றும் பயன்பாட்டுச் சான்றும் அனுப்பப்படும். பயன்பாட்டுச் சான்று போகாவிட்டால் அடுத்த தவணை தாமதமாகும்.

8. புதிய சொத்து, சொத்துப் பதிவேட்டில் ஏற்றப்படும். பின்னர் தணிக்கை நடைபெறும்.

இவற்றுள் எட்டாவது படிக்கு வெளியார் கவனம் குறைவு. பதிவேட்டில் ஏறாத சொத்துக்கு அடுத்த ஆண்டு பராமரிப்பு ஒதுக்கீடு கேட்பவர் இல்லை. தொகுதி நிதியில் கட்டிய நூலகத்தின் மின்கட்டணத்தை யார் செலுத்துவது, உடற்பயிற்சிக் கூடத்தின் சாவி யாரிடம் இருப்பது என்பவை கட்டுமுன் முடிவாக வேண்டியவை. கட்டுவதற்கான மானியங்கள் பல. பராமரிப்புக்கோ பெரும்பாலும் உள்ளாட்சியின் சொந்த வருவாய்தான்.

நகர விளிம்பில் எழும் சிக்கல்கள்

மக்கள்தொகைக் கணக்கு. பதினைந்தாவது நிதி ஆணையம் மாநிலங்களுக்கிடையே உள்ளாட்சி மானியத்தைப் பங்கிட மக்கள்தொகைக்கு 90 விழுக்காடும் பரப்பளவுக்கு 10 விழுக்காடும் எடை தந்தது. எடுத்துக்கொண்ட கணக்கு 2011-ஆம் ஆண்டுக்குரியது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டது. மக்கள் குறைந்த அளவே பெருகிய ஊருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. 2011-க்குப்பின் வயல்களும் வெற்று மனைகளும் அடுக்குமாடிகளாக மாறிய மேற்குப் புறநகருக்கு இழப்பு அதிகம். புதிதாகக் குடியேறியவர்கள் குப்பை கொட்டுகிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள், சாலையில் நடக்கிறார்கள். மானியக் கணக்கில் அவர்கள் இல்லை.

எல்லைக் கோடு. மழைநீர் எல்லை பார்த்து ஓடாது. ஊராட்சித் தெருவின் வடிகால் நெடுஞ்சாலை ஓரக் கால்வாயிலோ மாநகராட்சி வடிகாலிலோ கூவத்திலோ சேர்ந்தாக வேண்டும். நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலைத் துறையிடமும், கூவம் மாநில நீர்வளத் துறையிடமும், அண்டைத் தெரு மாநகராட்சியிடமும் உள்ளன. ஊராட்சி தன் மானியத்தைத் தன் எல்லைக்குள்தான் செலவிட முடியும். அதனால் வடிகால் எல்லைவரை வந்து நிற்க, அடுத்த பகுதியின் பணி வேறு அலுவலகத்தின் வேறு நிதியாண்டுக்குக் காத்திருக்கும் நிலை உருவாகலாம். இத்தகைய பணிகளை ஒருங்கிணைக்கவே அரசியலமைப்பில் மாவட்டத் திட்டக் குழுவும் (243-இசட்.டி), பெருநகரத் திட்டக் குழுவும் (243-இசட்.இ) வகுக்கப்பட்டன.

தொகுதி நிதிக்கு உள்ளாட்சி எல்லை தடையன்று. சட்டமன்ற உறுப்பினர் மதுரவாயலுக்கும் வானகரத்துக்கும் ஒரே நிதியிலிருந்து பரிந்துரைக்கலாம். எனினும் பணியைச் செய்யும் அலுவலகங்கள் இரு மாவட்டங்களைச் சேர்ந்தவை. பல மாவட்டங்களில் பரவிய மக்களவைத் தொகுதிகளில் உறுப்பினர் ஒரு மாவட்டத்தை முதன்மை மாவட்டமாகத் தேர்ந்துகொள்கிறார். பிற மாவட்டங்களின் பணிகள் அந்தந்த மாவட்ட நிர்வாகத்தின் வழியே நடக்கின்றன.

இணைப்பங்கு தரும் திறன். நமக்கு நாமே திட்டத்தில் அரசுப் பணத்தை வரவழைப்பது மக்கள் செலுத்தும் பங்கு. நூறு வீடுகள் கொண்ட குடியிருப்புச் சங்கம் 4 இலட்சம் திரட்ட, வீட்டுக்கு 4,000 ரூபாய் போதும். தினக்கூலிக் குடும்பங்கள் வாழும் தெருவில் அதே தொகை பல நாள் கூலி. தேவை மிகுந்த தெரு பங்கு செலுத்த முடியாமல் பின்தங்குவதும், ஓரளவு வசதியுள்ள தெரு மேலும் ஒரு வசதி பெறுவதும் இம்முறையின் இயல்பான ஆபத்து. நன்கொடையாளர், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி ஆகியவற்றை ஏழைத் தெருக்களின் பங்காகச் சேர்ப்பது இதற்கு ஒரு மாற்று. அதை முன்னின்று ஏற்பாடு செய்ய வேண்டியது உள்ளாட்சி நிர்வாகம்.

தேர்தல். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு ஒன்றிய நிதி ஆணைய மானியம் தடைபடுகிறது. தமிழ்நாட்டில் 2016-இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனபோது இது நேர்ந்தது. திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. அப்போது பதவியேற்றவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2025 சனவரி 5-இல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் வந்தன. தனி அலுவலரால் அன்றாடப் பணிகளை நடத்த முடியும். எந்தத் தெருவுக்கு முதலிடம் என்று மக்களிடம் பதில் சொல்லும் உறுப்பினரின் இடத்தை அவரால் நிரப்ப முடியாது.

அமெரிக்க முறையுடன் ஒப்பீடு

அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சமுதாய மேம்பாட்டுத் தொகுப்பு மானியம் நடைமுறைக்கு வந்தது. தனித்தனித் திட்டங்களுக்கு நகரங்கள் போட்டியிட்டு விண்ணப்பித்த முறைக்கு மாற்றாக, சூத்திரத்தின்படி ஒரே தொகை தரப்பட்டது. பொதுவாக 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்கள் இதை நேரடியாகப் பெறுகின்றன. மக்கள்தொகையுடன் வறுமை, வீட்டு நெருக்கடி, பழைய வீடுகளின் எண்ணிக்கை ஆகியவையும் சூத்திரத்தில் இடம்பெறுகின்றன.

அங்கு நகரம் செலவைத் தன் விருப்பப்படி வகுக்கலாம். ஆனால் குறைந்தது 70 விழுக்காடு, குறைந்த, நடுத்தர வருவாயினருக்குப் பயன்பட வேண்டும். நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும் 20 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. மக்கள் கருத்துக் கேட்ட பின்னரே திட்டம் இறுதியாக வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு நிதிக்கு எந்த வேலை என்பதை விதி சொல்கிறது. அமெரிக்க முறையில் யாருக்காக என்பதை விதி சொல்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியின் 15 விழுக்காட்டு விதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

மக்கள் பங்கேற்பும் கண்காணிப்பும்

ஊராட்சிகளில் கிராம சபை சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் பேசலாம். வரவு செலவுக் கணக்கும் நடைபெறும் பணிகளும் அங்கு வைக்கப்பட வேண்டும். நகர்ப்புறங்களில் 2022 முதல் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டன.

அடுக்குமாடிகளில் குடியேறிய பலர் வாக்கைப் பழைய ஊரிலேயே வைத்திருப்பதால் கிராம சபையில் உறுப்பினர் ஆவதில்லை. வரி கட்டினாலும் தீர்மானத்தில் அவர்களுக்குக் குரல் இல்லை. முகவரியை மாற்றி வாக்காளர் பட்டியலில் சேர்வது இதற்கான முதல் படி.

ஒரு பணியைப் பற்றி அறிய விரும்புபவர் நான்கு செய்திகளைக் கேட்டால் போதும்: எந்த நிதியிலிருந்து பணம் வந்தது, மதிப்பீடு எவ்வளவு, எந்தத் தேதியில் பணி ஆணை வழங்கப்பட்டது, சொத்துப் பதிவேட்டில் எந்த வரிசையில் ஏறியது. பணியிடப் பலகையில் இவற்றில் சில இருக்கும். மற்றவற்றை 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் எழுத்து வடிவில் கேட்கலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அளவுப் புத்தகத்தின் நகலையும் இதே முறையில் பெறலாம். விண்ணப்பம் தவறான அலுவலகத்துக்குப் போனால், அதை உரிய அலுவலகத்துக்கு 5 நாட்களுக்குள் மாற்றி அனுப்புவது அந்த அலுவலரின் கடமை. எந்தத் தெரு எந்த உள்ளாட்சியில் உள்ளது என்று உறுதியாகத் தெரியாத எல்லைப் பகுதி மக்களுக்கு இந்த விதி மிகவும் உதவும்.